பவுனம்மாள் சொல்லாத ஊர்

கிள்ளானிலிருந்து மேருவுக்குப் போகிற சாலையில், நாலாவது மைல் கல்லைத் தாண்டியதும் ஒரு சிற்றாறு சாலையை ஒட்டி வந்து சட்டென்று திரும்பிப் போய்விடும். அந்தத் திருப்பத்தில் இருக்கிற இடத்துக்கு நாகா என்று பெயர். ஏழு வீடு, மூன்று மாட்டுக் கொட்டகை, ஒரு சீனர் கடை, ரம்புத்தான் மரத்தடியில் ஒரு முனியாண்டி கல். அவ்வளவுதான். இத்தனூண்டு இடத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று 1927-ஆம் வருஷம் கிள்ளான் நில அலுவலகத்தில் மூன்று பேர் மூன்று விதமாகச் சத்தியம் செய்து சொன்னார்கள். நாலாவது ஆள் வாயையே திறக்கவில்லை. அந்த நாலாவது ஆளின் கதைதான் இது. பெயர் பவுனம்மாள். பால் விற்றுப் பிழைத்தவள்.

இதைச் சொல்கிற நான் சபாபதி. அப்போது அந்த அலுவலகத்தில் துபாசி. அதிகாரி இங்கிலீஷில் கேட்பதைத் தமிழிலும், தமிழர்கள் சொல்வதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்கிற வேலை. வீடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். தினமும் காலை ரயிலில் கிள்ளானுக்குப் போய், சாயங்கால ரயிலில் திரும்புவேன். வழியில் வருகிற ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையையும் பார்த்து, இந்தப் பெயரை யார் வைத்தான், எதற்கு வைத்தான் என்று யோசிப்பது எனக்கு ஒரு பைத்தியம். கோலாலம்பூரின் பெயரில் சேறு இருப்பது எல்லோருக்கும் தெரியும். எந்த ஆற்றுச் சேறு என்று கேட்டால் அடிதடி வரும். கிள்ளான் என்றால் ஏதோ பழைய பாஷையில் வாய்க்கால் என்பார் ஒருவர், கிடங்கு என்பார் இன்னொருவர். துறைமுகத்துக்கு ஒரு ரெசிடெண்டு துரையின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயருக்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை. வரைபடம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் பெயர் என்று நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். பவுனம்மாளைப் பார்க்கும் வரை அந்த முடிவில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

அவள் 1899-இல் புருஷனோடு கப்பலேறி வந்தவள். அவன் மேரு சாலையில் கல் உடைக்கிற கூட்டத்தில் வேலை செய்தான். இரண்டு வருஷம் கழித்து, சாலை போட்ட துரையிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, ஆற்றுத் திருப்பத்தில் காட்டை வெட்டி, ஒரு பசுவோடு குடியேறினான். பசு இரண்டானது, ஐந்தானது. பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு வயது ஆகும் முன்பே அவனைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. ஆற்றோரத்திலேயே அவனைப் புதைத்துவிட்டு, மறுவாரம் பவுனம்மாள் பால் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்கு நடந்தாள். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம், போக நாலு மைல், வர நாலு மைல். பாலில் தண்ணீர் கலக்கிறாள் என்று யாரும் சொன்னதில்லை. வாய் மட்டும் கொஞ்சம் காரம். பாக்கி வைத்தவர்களைவிட, பால் பாத்திரத்தைக் கழுவாமல் நீட்டுகிறவர்கள்தான் அவளுக்கு அதிகம் பயந்தார்கள்.

மகள் லெட்சுமியைக் காஜாங்கில் கட்டிக் கொடுத்துவிட்டு அவள் தனியாக இருந்த சமயத்தில்தான் தோட்டத்துக் கம்பெனி நிலம் கேட்டுக் கிளம்பியது.

கம்பெனி வந்தது 1908-லேயே. ஆற்றின் இரண்டு பக்கமும் ரப்பர் போட்டு, நாகா தோட்டம் என்று பலகை வைத்தது. ரப்பர் விலை ஏறியதும் திருப்பத்தில் இருந்த பதினோரு ஏக்கரும் அதன் கண்ணை உறுத்தியது. அது எங்கள் பட்டாவுக்குள் வருகிறது, அங்கே இருப்பவர்கள் தோட்டம் வந்த பிறகு ஒட்டிக்கொண்டவர்கள் என்று மனுப் போட்டது. மற்ற ஆறு குடும்பங்கள் உண்மையிலேயே பின்னால் வந்தவைதான். பவுனம்மாள் முன்னால் வந்தவள் என்றால் அவளுடைய நிலம் பட்டாவுக்கு வெளியே நிற்கும். மற்றவர்களும் அவள் நிழலில் இருந்துகொள்ளலாம். ஆனால் அதைக் காட்ட அவளிடம் காகிதம் இல்லை. ரோட்டுத் துரை கொடுத்த சீட்டு, தகரப் பெட்டியோடு, முந்தின வருஷத்துப் பெருவெள்ளத்தில் போய்விட்டது.

கம்பெனி மானேஜர் ஒரு வாதம் வைத்தார். மோசமான மனிதர் இல்லை. தான் சொன்னதைத் தானே முழுசாக நம்பினார். "நான் முதலில் அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தேன். அங்கே நாகா மலை இருக்கிறது. அந்த ஞாபகமாக நான்தான் இந்த இடத்துக்கு நாகா என்று பெயர் வைத்தேன். நான் வருவதற்கு முன் இங்கே ஊரும் இல்லை, பெயரும் இல்லை" என்றார்.

இது அதிகாரியைப் பிடித்துக்கொண்டது. அவருக்கும் என் பைத்தியத்தில் பாதி உண்டு. "அந்தப் பெயர் 1908-க்கு முன்னால் இருந்ததா இல்லையா? இருந்தால் யார் வைத்தது? அதை விசாரிப்போம்" என்று நாள் குறித்தார். ஒரு பெயரின் பூர்வீகத்தில் ஒரு கிழவியின் வீடும் மாடும் தொங்கிக்கொண்டிருப்பதை நான் என் உத்தியோகத்தில் அப்போதுதான் பார்த்தேன்.

விசாரணையில் முதலில் அந்தப் பக்கத்து மலாய் ஊர்த்தலைவரான பெங்குலு வந்தார். ஆற்றுக்கு அடியில் ஒரு நாகம் படுத்திருந்தது, அது புரண்டு படுத்ததில்தான் ஆறு வளைந்தது, என் பாட்டனார் காலத்திலிருந்தே அது நாகா என்றார். "அப்போது அங்கே யாராவது குடியிருந்தார்களா?" என்று அதிகாரி கேட்டார். "நாகம் இருக்கிற இடத்தில் யார் துரை குடியிருப்பார்கள்?" என்றார் பெங்குலு. பிறகு சீனக் கடைக்காரர் வந்தார். பின்னால் இருக்கிற மேட்டைப் பாருங்கள், அது டிராகனின் முதுகு, அங்கே புதைத்தால் ஏழு தலைமுறை செழிக்கும், அதைப் பார்த்து எங்கள் ஆள்தான் பெயர் வைத்தான் என்றார். எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் மலாயில் பேசினார்கள். அதிகாரிக்கே மலாய் தெரியும் என்பதால் நான் சும்மா நின்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பவுனம்மாளைக் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கருத்து உயர்ந்த உருவம். பச்சைப் புடவை. கையில் பால் குடம் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"அம்மா, நீங்க இருக்கிற எடத்துக்குப் பேரு என்னான்னு தொரை கேக்குறாரு" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மேருவுக்கு இந்தப் பக்கம் ஐயா. ஆத்தோரம்."

"அது எடம். பேரு என்னா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. நீங்களே சொல்லிடுங்களேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சாட்சி சொல்ல வேண்டியதைத் துபாசி சொன்னால் என் வேலை போய்விடும். "நான் சொல்லக் கூடாதும்மா. உங்க வாயாலதான் சொல்லணும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பேசவே இல்லை. அதிகாரியின் பேனா காத்துக்கொண்டிருந்தது. நான் இங்கிலீஷில், "சாட்சிக்குப் பெயர் தெரியவில்லை" என்றேன்.

பேனா எழுதியது. மானேஜர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டு புன்னகை செய்தார். இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன் என்கிறவளுக்கு ஊர்ப் பெயரே தெரியவில்லையே, இதைவிட வேறென்ன வேண்டும் என்று அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு வாரம் தவணை போட்டு, அதற்குள் வேறு சாட்சியம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார் அதிகாரி.

அவள் "தெரியாது" என்று சொல்லவே இல்லை. அந்த வார்த்தையை உண்டாக்கியவன் நான். அது எனக்கு அன்று உறைக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி இராஜம்மா சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஏங்க, அந்தப் புதுக் கடையில நல்ல சீட்டித் துணி வந்திருக்காம். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போறப்ப வாங்கிட்டு வாங்க."

"எந்தப் புதுக் கடை?"

"அதான், மூலையில."

"மூலையில ரெண்டு கடை இருக்கு. தம்புசாமி கடையா?"

"தம்புசாமி கடைக்கு எதிர்த்தாப்பல."

"அதுக்குப் பேரு கீரு கெடையாதா?"

இராஜம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "இருக்கு, இருக்கு. ஆளுயர எழுத்துல எழுதித்தான் வச்சிருக்கான். போயி நீங்களே படிச்சுக்குங்க."

அந்தக் கடையின் பெயர் சபாபதி ஸ்டோர்ஸ்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பதினாறு வருஷமாக இந்த வீட்டில் நான் 'ஏங்க', 'இந்தாங்க'. சிதம்பரத்து நடராஜரைக்கூட அவள் 'ஆடுற சாமி' என்றுதான் சொல்வாள். சபாபதி என்று சொல்ல மாட்டாள். கட்டினவன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது தமிழச்சி பால் குடிக்கிறபோதே தெரிந்துகொள்கிற சங்கதி. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, அதை வீட்டில் வைத்துக்கொண்டே நான் அலுவலகத்தில் அந்த அம்மாளை அதட்டியிருக்கிறேன்.

"ராஜம், ஒண்ணு கேக்குறேன். நீ இருக்கிற ஊருக்கு என் பேரு வச்சிருக்கு. கச்சேரியில உன்னக் கேக்குறாங்க. என்னா செய்வ?"

"பக்கத்துல நிக்கிறவரைச் சொல்லச் சொல்லுவேன். ஆமான்னு தலையாட்டுவேன்."

"அவரு சொல்ல மாட்டேன்னுட்டா?"

"அவன் தமிழனா இருக்க மாட்டான்லா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

சீட்டித் துணியும் வாங்கவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை.

மறுநாள் மதியம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மாட்டு வண்டி பிடித்து நாகாவுக்குப் போனேன். பவுனம்மாள் ஒரு சிவப்புப் பசுவை ஆற்றில் இறக்கி, வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரையில் நின்றபடியே ஒரு ஊகத்தில் கேட்டேன்.

"அம்மா, உங்க வீட்டுக்காரரு பேரு நாகையாவா?"

வைக்கோல் நின்றது. அவள் ஆமென்று தலையை அசைத்தாள். அப்புறம் பசுவின் முதுகுக்கு மேலே பார்த்து, "அன்னிக்கே ஒங்களைத்தானே சொல்லச் சொன்னேன்" என்றாள்.

நான் செய்ததை மறைக்காமல் சொன்னேன். ஊர்ப் பெயர் அவளுக்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது, எழுத வைத்தவன் நான் என்றேன். அவள் தண்ணீரை விட்டு மேலே வந்தாள். இடுப்பில் செருகிய புடவையை இறக்கிவிடக்கூட இல்லை.

"எனக்கா தெரியாது? இந்த மரமெல்லாம் வெட்டின அருவாளுக்கு நான் சாணை புடிச்சிருக்கேன். ரோட்டு வேலைக்காரவுங்க சாயந்தரமானா அவரு பேரைச் சொல்லித்தான் 'அங்க போறேன், மோரு குடிக்கப் போறேன்'னு வருவாங்க. வண்டிக்காரன் அப்படித்தான் சொன்னான். மலாய்க்காரவுங்களுக்கு முழுசா வாய்ல வரல, பாதியச் சொன்னாங்க. அதுதான் நின்னுச்சு. எனக்குத் தெரியாதுன்னா சொன்னீங்க? படிச்ச ஆளுதானே நீங்க? கண்ணாலம் ஆயிருச்சுல்ல?"

"ஆயிருச்சும்மா."

"வீட்டுல ஒங்க பேரைச் சொல்லியா கூப்புடுறாங்க?"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேறு வழியில்லை. திட்டி முடித்ததும் அவளே ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பேச்சை மாற்றலாமே என்று, எந்த ஊரில் கப்பல் ஏறினீர்கள் என்று கேட்டேன். "அந்தக் கரையில" என்றாள். அந்தக் கரைக்குப் பெயர் இல்லையா என்று கேட்கப் போனவன், நாகப்பட்டினம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நாவல் மரத்துக்கு இன்னொரு பெயர் நாகமரம் என்பதால் அதுவும் அவளுக்கு 'ஊதாப் பழ மரம்'தான். பாம்பைக் கண்டால் 'நல்லது ஓடுது' என்பாளாம்.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. இப்படிப்பட்டவள் இதற்கு முன்னால் வேறு எங்காவது ஒரு மேஜைக்கு முன்னால் நின்று திண்டாடியிருக்க வேண்டுமே!

"தோட்டம் வர்றதுக்கு முன்னாடி எந்த ஆபீசுலயாவது ஒங்க ஊர்ப் பேரைக் கேட்டாங்களா? யோசிச்சுப் பாருங்க."

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஒரே தடவை. லெட்சுமி பொறந்தப்ப. அவருக்குக் காய்ச்சல், எழுந்திரிக்க முடியல. பதியாட்டா தண்டனைன்னு பயமுறுத்துனாங்க. நானே பச்ச ஒடம்போட புள்ளையத் தூக்கிக்கிட்டுப் போனேன். பதிவு எழுதுற யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருத்தரு, மீசை வச்சவரு. அப்பன் பேரு என்னான்னாரு. எந்த ஊருன்னாரு. ரெண்டையும் நான் எப்படிச் சொல்ல? வெயிலு ஏறுற வரைக்கும் நின்னேன். அப்புறம் பால் வாங்குற வண்டிக்காரன் ஒருத்தன் வந்து அவரு பேரைச் சொன்னான். ஊரு பேருன்னு கிராணி மறுபடியும் கேட்டாரு. 'அதான் இப்ப சொன்னாரே'ன்னேன். அவருக்கு ஒரே சிரிப்பு. என்னமோ எழுதுனாரு."

"என்னா தேதின்னு தெரியுமா?"

"ஆடி அமாவாசைக்கு மக்யா நாளு பொறந்துச்சு. எட்டாம் நாளு போனேன்."

பிறப்புப் பதிவேடுகள் எங்கள் அலுவலகத்தில் ஒரு அறையில் அடுக்கியிருந்தன. பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மூன்று நாள் சாப்பாட்டு நேரத்தை அங்கே கழித்தேன். லெட்சுமி பிறந்தது 1904. பஞ்சாங்கத்தைப் பார்த்தால் ஆடி அமாவாசை ஆகஸ்டில் வந்திருக்கிறது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. தும்மிக்கொண்டே புரட்டினேன். மூன்றாம் நாள் கிடைத்தது. இங்கிலீஷில் இருந்ததை இங்கே தமிழில் தருகிறேன்.

பிள்ளையின் பெயர்: லெட்சுமி. தகப்பன்: நாகையா, மாடு வைத்திருப்பவர். பிறந்த இடம்: 'தகப்பன் பெயரே இடத்துக்கும் பெயர். தாய் வாயால் சொல்ல மறுக்கிறாள்.' கீழே கார்த்திகேசு என்று கையெழுத்து.

அந்தக் கார்த்திகேசு என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டார் என்று சொன்னார்கள். அவர் என்னைவிட நல்ல துபாசி. அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிட்டு, ஏன் அப்படிச் சொன்னாள் என்பதையும் எழுதிவைத்திருந்தார். அந்த அறையில் தனியாக உட்கார்ந்து நான் அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

தவணை நாளன்று அதிகாரி உட்கார்ந்ததும், நான் பேச அனுமதி கேட்டேன். துபாசி தன் சொந்த வாயால் பேசுவது அங்கே வழக்கமில்லை. "போன தவணையில் நான் தப்பாக மொழிபெயர்த்தேன். சாட்சிக்குப் பெயர் தெரியும். அவள் சொல்ல மாட்டாள். இரண்டும் வேறு" என்றேன். காரணத்தையும், கப்பலேறிய நாகப்பட்டினத்தைக்கூட அவள் 'அந்தக் கரை' என்பதையும் சொன்னேன்.

அதிகாரி கேட்டார்: "உன் மனைவி உன் பெயரைச் சொல்வாளா?"

"மாட்டாள் துரை. பதினாறு வருஷமாக நான் 'ஏங்க'தான்."

"அப்படியிருந்துமா உனக்குத் தெரியவில்லை?"

இதே கேள்வியை ஒரு பால்காரி ஏற்கனவே கேட்டுவிட்டாள் என்று நான் சொல்லவில்லை.

மானேஜர் எழுந்தார். கெட்டிக்காரர்தான். "அந்தப் பழக்கத்தை நான் நம்புகிறேன். ஆனால் இதே அம்மாள் தன் கப்பல் துறைமுகத்தின் பெயரையும் சொல்வதில்லையாம். அந்தத் துறைமுகத்துக்கு இவள் புருஷனா பெயர் வைத்தான்? நான் வைத்த பெயரும் அதே மாதிரி காதில் விழுவதால் சொல்லாமல் இருக்கிறாள். இது சாட்சியம் ஆகாது" என்றார். அதிகாரியும் தலையசைத்தார். மௌனத்துக்குத் தேதி கிடையாதே!

அப்போது நான் பதிவேட்டை மேஜையில் விரித்து வைத்தேன். இந்த மௌனத்துக்குத் தேதி இருந்தது. கம்பெனி வருவதற்கு நாலு வருஷம் முந்தின தேதி.

அதிகாரி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு மானேஜரிடம் தள்ளினார். மானேஜரும் படித்தார். அஸ்ஸாம் மலை அவர் முகத்திலிருந்து இறங்குவதைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"கடைசியாக ஒன்று" என்ற அதிகாரி, பவுனம்மாளை முன்னால் வரச் சொன்னார். என் மூலமாகக் கேட்காமல், நேராக அவளைப் பார்த்து, தனக்கு வந்த உச்சரிப்பில், "நாகையா?" என்றார்.

பவுனம்மாள் முந்தானையை இழுத்து முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டாள். காது வரைக்கும் வெட்கம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன புருஷனின் பெயரை ஒரு வெள்ளைக்காரர் சொல்லக் கேட்டு, ஐம்பது வயதுக்காரி கல்யாணப் பெண் மாதிரி நின்றாள். அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரி பேனாவை எடுத்து என்னவோ எழுதிக்கொண்டார்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. திருப்பத்தில் இருந்த பதினோரு ஏக்கரும் பட்டாவுக்கு வெளியே. காகிதத்தை நானே எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினேன். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு வெகு நாளாக நாக்கு நுனியில் நின்றதை அப்போது கேட்டுவிட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. பேரைச் சொன்னா ஆயுசு கொறையும்பாங்க. அவரு போயி இத்தனை வருஷமாச்சு. இனிமே கொறையறதுக்கு என்னா இருக்கு? நெலமே போக இருந்துச்சே, அன்னிக்குச் சொல்லியிருக்கலாமே?"

அவள் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கடக்காரன் சொல்றான், வண்டிக்காரன் சொல்றான், நான் பெத்த மகளே சொல்றா. அவுங்க சொல்றப்ப எல்லாம் அது ஊருதான். நான் ஒருத்தி சொல்லாம இருக்கறதாலதான் அது இன்னும் அவரா இருக்கு. நானும் சொல்லிட்டா வெறும் ஊராயிடும்லா."

பெயர்களைப் பற்றி நான் சேர்த்து வைத்திருந்த அத்தனை கதையிலும் இப்படி ஒன்று இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அதிகாரி தன் அறிக்கையில் நாலு கதையையும் எழுதினார். அறிக்கை எங்கேயோ போயிற்று. சில வருஷம் கழித்து ஒரு சின்னப் புத்தகத்தில், ஆற்றில் வாழ்ந்த நாகத்தால் அந்த இடம் நாகா எனப்பட்டது என்று அச்சாகியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பவுனம்மாளிடம் காட்டினேன். "இருந்துட்டுப் போகட்டும். பாம்புக்கும் பொண்டாட்டி இருந்தா அது சொல்லாது" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டாள்.

மேரு சாலையில் பஸ் வந்த பிறகு அவள் நடப்பதை விட்டாள். பஸ்ஸில் ஏறி மேரு என்று டிக்கெட் வாங்குவாள். தன் ஊர் வந்ததும் இறங்கிக்கொள்வாள். பாதி வழிக்கு முழுக் கட்டணம். கண்டக்டர் ஒரு சீனப் பையன். நாலைந்து மாதம் பார்த்துவிட்டு, அவள் ஏறினதும் கேட்காமலே சரியான டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்க ஆரம்பித்தான். அவன் தமிழனே இல்லை.

1936-ஆம் வருஷம் தைப்பூசத்துக்கு மறுவாரம் பவுனம்மாள் செத்துப்போனாள். மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருக்கிறது. காஜாங்கிலிருந்து லெட்சுமி வந்தாள். அவரை வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவளையும் வைத்தோம். கம்பெனிக்காரன் இனிமேல் கேட்க முடியாத இடம் அது.

சாவைப் பதிய லெட்சுமியோடு நானும் போனேன். எனக்கு அப்போது ஓய்வு கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா இளவயது மலாய்க்காரர். தமிழ் தெரியாது, இங்கிலீஷில் கேட்டார். நான் பழைய பழக்கத்தில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இறந்தவர் பெயர், வயது, தொழில் எல்லாம் ஆனது. இறந்த இடம் என்றார்.

"எந்த எடத்துல செத்தாங்கன்னு கேக்குறாரும்மா" என்றேன்.

லெட்சுமிக்கு அந்தப் பெயரில் எந்தத் தடையும் கிடையாது. தகப்பன் பெயரை மகள் சொல்லலாம். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை சொன்னவள். கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடித்திருந்தது. வாயைத் திறந்தவள் சொல்லாமல் நின்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"எங்க அப்பா பேரு" என்றாள்.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். ஊர்ப் பெயர் எனக்குத் தெரியும். நானே சொல்லியிருந்தால் ஒரு நொடியில் வேலை முடிந்திருக்கும். ஆனால் சாட்சி சொல்லாததைத் துபாசி சொல்லக் கூடாது. அதை ஒரு தடவை மறந்ததற்கு நான் பட்டது போதும்.

"அவளுடைய தகப்பன் பெயர் என்கிறாள்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

"அது எப்படி இடமாகும்?" என்று அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது கொஞ்சம் நீளமான கதை. முதலில் அவள் சொன்னபடியே எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு, நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.